தொட்டியில் ஓட்டை இல்லை

ப்ரான்வின்,

பத்து மணிக்கு ப்ளம்பர் கஸ் வருவார். ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடு. தொட்டியில் ஓட்டையே இல்லை. வீட்டுக்கென்று அதில் சேர்த்திருந்த மழைத் தண்ணீரை நான்தான் திறந்துவிட்டேன்.

நான் பதிவுசெய்த பாட்டுக்கு எதிரொலி வேண்டியிருந்தது. காலித் தொட்டிக்குள் ஸ்பீக்கரையும் மைக்கையும் இறக்கினால் தேவாலயத்தில் பாடுவதுபோல் கேட்கும். உள்ளே தண்ணீர் இருந்தால் எதிரொலி செத்துவிடும். திறந்துவிட்ட வாரமே மழை வந்து தொட்டி நிறையும் என்று நம்பினேன். மூன்று வாரமாயிற்று. நீ அரை வாளித் தண்ணீரில் தலைக்குக் குளிக்கிறாய். உன் தக்காளிச் செடிகள் கருகிவிட்டன. "பழைய தொட்டி, எங்கயோ விரிசல் விட்டிருக்கும்" என்று வாய் கூசாமல் சொன்னேனே!

தண்ணீர் லாரியைக் கையோடு கூட்டிவரத்தான் போகிறேன். ஸ்பீக்கரையும் மைக்கையும் வெளியே எடுத்துவிட்டேன். ஃப்ரிட்ஜில் ஆட்டிறைச்சி இருக்கிறது, சாப்பிடு.

டெஸ்

பி.கு: பதிவில் பாட்டுக்கு நடுவே உன் குரலும் விழுந்திருக்கிறது. "டெஸ், குழாயில தண்ணி வரல, கொஞ்சம் வாயேன்!" நீ கூப்பிட்டது ஒரு தடவைதான். தொட்டி அதை ஐந்து தடவை சொல்கிறது. ஹெட்போனில் ஐந்தும் அன்றைக்கே என் காதில் விழுந்தன. நான் பாட்டை நிறுத்தவில்லை.