மூன்றாவது வார்

பிலோமி அப்பாவுக்கு,

தூங்குகிறீர்கள், எழுப்ப மனசில்லை. பிலோமியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஏலக்காய் எடுக்கப் போகிறேன். கஞ்சி அடுப்போரம் இருக்கிறது.

எஸ்டேட்டு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன சேணத்தில், குதிரையின் வயிற்றைச் சுற்றிக் கட்டும் வயிற்றுவாரை மாட்ட மூன்று தோல்வார் தொங்குகிறது. மாட்டுவதோ இரண்டில்தான். மூன்றாவது சும்மாதானே என்று அறுத்து, பிலோமியின் புத்தகப் பைக்குத் தைத்தேன். "ஒண்ணு அறுந்தா மாட்டுறதுக்குல்லா அது! மலையிறக்கத்துல விழுந்து சாகவா? ஏன் அறுத்தே?" என்று நேற்று கத்தினீர்கள். இத்தனை வருஷம் அதில் ஏறித் தபால் கொண்டுபோகிறீர்கள், ஒருநாளாவது எனக்குச் சொன்னீர்களா?

விடியலில் ஒரு கனவு. மஞ்சுக்குள்ளிருந்து குதிரை மட்டும் வந்து வாசலில் நின்றது. சேணம் இல்லை, நீங்களும் இல்லை. அதன் வயிறு மெல்ல ஏறி இறங்கியது, மஞ்சும் கூடவே ஏறி இறங்கியது. விழித்ததும் உங்களைத் தொட்டுப் பார்த்தேன்.

வாரைப் பையிலிருந்து பிரித்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். நானே சேணத்தில் தைக்கப் பார்த்தேன், என் தையல் விட்டுப்போகுமோ என்று பயமாயிருந்தது. இன்று ஏறாமல் குதிரையை நடத்திக்கொண்டே போய், குமுளியில் தோல் தைப்பவரிடம் கொடுங்கள்.

சந்தனமேரி

இன்னொன்று. வயிற்றுவாரை இறுக்கும்போது குதிரை மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொள்ளும், பத்தடி நடத்தினால் விட்டுவிடும், அப்புறம்தான் மறுபடி இறுக்க வேண்டும் என்பீர்களே. நேற்று நீங்கள் கத்தியபோது நானும் அப்படித்தான் வீம்பாய் நின்றேன். இப்போது ஏலக்காடு வரை நடக்கப் போகிறேன். சாயங்காலம் வந்து மறுபடி கேளுங்கள். தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிடுகிறேன்.