அலமாரியின் இடது கதவு

அன்புள்ள மகளுக்கு,

நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

படுக்கையறை அலமாரியின் இடது கதவை இனி வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் திறப்பதில்லை என்று நேற்றுக் காலை இந்த வீட்டில் தீர்மானம் நிறைவேறியது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு ஒருமனதாக எடுத்த முடிவு. வீட்டில் இப்போது உறுப்பினர் ஒருத்திதான் என்பதால் எதிர்த்து வாக்களிக்க ஆளில்லை. மாலையே தீர்மானத்தை மீறியதும் அதே உறுப்பினர்தான்.

அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது அப்பாவின் பழுப்புக் கட்டம் போட்ட சட்டை. அது மட்டும்தான். மற்றதையெல்லாம் அவர் போன மறுநாளே உன் அத்தை துவைத்து, இஸ்திரி போட்டு, அடுக்கிவிட்டாள். துக்கம் வந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. இது குளியலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கியதால் தப்பித்தது. கடைசியாகக் கடையிலிருந்து வந்து கழற்றி மாட்டிய சட்டை. பெயின்ட் கடை டர்பன்டைன், வியர்வை, அதற்கு மேல் பெப்பர்மின்ட். சிகரெட் வாடையை மறைக்க அவர் பெப்பர்மின்ட் மெல்லுவது எனக்குத் தெரியாது என்று கல்யாணமான நாளிலிருந்து நம்பிக்கொண்டிருந்தார். ஒரு மனிதனின் நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று நானும் இருந்துவிட்டேன்.

சாப்பிட்டாயா என்று தினமும் போனில் கேட்கிறாய். சாப்பிடுகிறேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால்தான் தடுமாற்றம். போன மாதக் காய்ச்சலுக்குப் பிறகு காப்பி வெறும் கசப்பாக இருக்கிறது, ஆரஞ்சு வெறும் புளிப்பாக. நாக்குக்கு உண்மையில் தெரிந்தது கொஞ்சம்தான். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, காளானிலும் கறிச்சாற்றிலும் வரும் அந்த ருசி, அவ்வளவோடு அதன் படிப்பு முடிந்தது. காப்பியைக் காப்பி என்று சொல்வது மூக்கு. மெல்லும்போதும் விழுங்கும்போதும் வாசனை தொண்டை வழியாகப் பின்பக்கமாக ஏறி அங்கே போகிறது. வேலை மூக்குடையது, பெயர் நாக்குக்கு. உயிரியல் ஆசிரியையாக இருந்தவரை இதை வருடா வருடம் வகுப்பில் சொன்னேன். காரம் சுவையே இல்லை, அது ஒரு வகை வலி என்று ஒருநாள் அப்பாவிடமும் சொன்னேன். நீ பேசறது வலின்னு இப்பவாவது ஒத்துக்கிட்டியே என்றார்.

நேற்று மாலை சட்டையை எடுத்து முகர்ந்தேன். துணி. வேறு ஒன்றும் இல்லை.

மூக்கு பழகியிருக்கலாம். ஒரே வாசனையில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு அதைத் தெரிவிப்பதை நிறுத்திவிடும். அவரவர் வீட்டு வாசனை அவரவருக்குத் தெரியாமல் வருகிறவர்களுக்குத் தெரிவது அதனால்தான். மொட்டை மாடிக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு வந்து மறுபடி முகர்ந்தேன். பயனில்லை. அப்படியானால் காய்ச்சல் மூக்கைக் கெடுத்திருக்க வேண்டும். அல்லது சட்டையிலிருந்தே போயிருக்க வேண்டும். எது என்று எனக்குத் தெரியவில்லை. பழுதோ என்று சந்தேகப்படும் தராசையே வைத்து அந்தத் தராசைச் சோதிக்க முடியாது.

அத்தையை முகரச் சொல்லலாம். கொடுங்க அண்ணி, ஒரு அலசு அலசிடறேன் என்பாள்.

ஆகவே சட்டையை உனக்கு அனுப்புகிறேன். உன் மூக்கு இதில் பழகிப்போகவில்லை. நீ இங்கே வந்து நாலு வருடம் ஆகிறது. அதில் இப்படி ஒரு நன்மை இருக்கும் என்று நாம் யாரும் நினைக்கவில்லை. அப்பா போன அன்றைக்கு உனக்கு டிக்கெட் கிடைக்காததை நான் குறையாகச் சொல்லவில்லை. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதுவதாகவும் இல்லை.

இன்னொன்று. மூக்கின் உட்புறத்தில் வாசனையைப் பிடிக்கும் செல்கள் சில மாதங்களில் அழிந்து, அந்த இடத்தில் புதியவை வந்துவிடும். அப்பாவை நேரில் முகர்ந்தவை உன்னிடம் இல்லை, என்னிடமும் அநேகமாக இல்லை. ஆனாலும் மற்ற புலன்கள் மூளையின் வரவேற்பறையில் காத்திருந்து உள்ளே போகும்போது, வாசனை மட்டும் வீட்டு ஆள் மாதிரி கேட்காமல் நேரே உள்ளறைக்குப் போய்விடுகிறது. அதனால் உனக்குத் தெரியும். யோசிக்க வேண்டியிருக்காது.

சட்டையை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் காற்று புகாமல் ஒட்டியிருக்கிறேன். பிரிக்கும் அன்று சென்ட் போடாதே. ஜன்னலைச் சாத்து. சின்னச் சின்னதாக இரண்டு மூன்று முறை முகர்ந்துவிட்டு உடனே மூடிவிடு. அழுதால் மூக்கடைக்கும். அடைத்த மூக்கால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எனவே முதலில் முகர், பிறகு அழு.

எனக்காகப் பொய் எழுதாதே. வாசனை இருக்கிறது என்று நீ எழுதினால் என் மூக்கு போய்விட்டது என்று அர்த்தம். இல்லை என்று எழுதினால் என் மூக்கு நன்றாக இருக்கிறது. என் மூக்கு போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளை சமைத்தால் நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல். நான் அதிகம் சொன்னதில்லை. நீங்கள் இருவரும் நீண்ட நாள் ஒரே வீட்டில், ஒருவர் வாசனை ஒருவருக்குத் தெரியாத அளவுக்குப் பழகி, நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: இதைத் தபால் அலுவலகத்தில் நின்று எழுதுகிறேன். வெளிநாட்டுப் பார்சலைப் பிரித்துப் பார்க்க வேண்டுமாம், விதி. நான் உன் முகவரியை எழுதிக்கொண்டிருந்தபோது இங்கே வேலை செய்யும் பையன் சட்டையை எடுத்து உதறி, அழகாக மடித்து, வழியில் பூச்சி அரிக்கக் கூடாது என்று இரண்டு அந்துருண்டை போட்டு, புதுப் பையில் ஒட்டிவிட்டான். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.