என் பெயரில் போன சளி

டாக்டர்,

அக்ரஹாரத்துக் கிளினிக்கை உங்கள் வீட்டு அம்மா காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இன்று காலை உங்கள் மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்ததும் அந்த இனிப்பு வாடை. மருந்துக் கம்பெனிக்காரர்கள் சாம்பிளாகக் கொடுத்துவிட்டுப் போகும் இருமல் சிரப், பதினொரு பாட்டில், எல்லாமே பாதி குடித்தவை. நோயாளிகளுக்கு என்று சொல்லி என்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டீர்களே, அவைதான். அழுகை வரும் என்று நினைத்தேன். எரிச்சல்தான் வந்தது. உங்களைத் திட்ட வேறு இடம் இல்லாததால் இதை எழுதுகிறேன்.

பத்தொன்பது வருடம் உங்கள் நர்ஸாக இருந்தேன். நோயாளி பேசி முடிக்கும்வரை காத்திருக்கிற டாக்டர் மைசூரில் உங்களைப் போல் இன்னொருவர் இல்லை என்று இன்றும் சொல்வேன். ஆனால் இருமலோடு யார் வந்தாலும் உங்களுக்கு ஒரே வழிதான். ஸ்டெதாஸ்கோப், ஒரு வாரம் ஆன்டிபயாடிக், கேட்காவிட்டால் இன்னொரு ஆன்டிபயாடிக், பிறகு எக்ஸ்ரே. அதில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் நேரே காசநோய் மாத்திரை. சளியைப் பரிசோதிக்கலாமே என்று நான் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

“முப்பது வருஷமா காதால கேட்டே கண்டுபிடிக்கறேன். டப்பால துப்பிப் பாத்தாத்தான் தெரியுமா?”

டிபி என்ற சொல்லையும் நோயாளியிடம் சொல்ல மாட்டீர்கள். நஞ்சன்கூடு ஃபேக்டரியிலிருந்து வந்த அந்தத் தொழிலாளியிடம், “நெஞ்சுல ஸ்வல்ப புண்ணு இருக்குப்பா, ஆறு மாசம் மாத்திர சாப்பிடு” என்றீர்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும், புண் ஆறிவிட்டது என்று அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். வேறென்ன செய்வார்? திரும்பி வந்தபோது சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. “என்ன நோயின்னு சொல்லியிருந்தா முழுசா சாப்பிட்டிருப்பார் டாக்டர்” என்றேன். “சொன்னா வேலைய விட்டுத் தூக்கிடுவான் ஸ்டெல்லா, உனக்குத் தெரியாது” என்றீர்கள். அதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. உங்களோடு சண்டை போடுவதில் எனக்கிருந்த கஷ்டமே அதுதான்.

பிறகு, போன தசராவின்போது நீங்களே இருமத் தொடங்கினீர்கள். கூட்டத்துத் தூசி என்றீர்கள். அலர்ஜி என்றீர்கள். ஐந்து நாள் ஆன்டிபயாடிக், கொஞ்சம் தேறுவது, மறுபடி இருமல். ஊரில் யாருக்கும் செய்யாத புது வைத்தியம் எதையும் உங்களுக்குச் செய்துகொள்ளவில்லை, அந்த மட்டில் நேர்மையானவர்தான். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டு வந்தீர்கள். சங்கராந்தி கழிந்து ஒரு நாள், உங்கள் கைக்குட்டையில் ரத்தத்தைப் பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டு, சளி எடுக்கும் டப்பாவை உங்கள் முன்னால் வைத்தேன்.

டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னீர்கள்: “என் பேர்ல லேபுக்குப் போனா நாளைக்கே எல்லாருக்கும் தெரியும். டாக்டருக்கே டிபின்னா யாரு உள்ள வருவா? உன் பேரப் போட்டுடும்மா.”

போட்டேன், பைத்தியக்காரி. ஸ்டெல்லா, வயது 44, பெண், என் வீட்டு முகவரி. துப்பவாவது சம்மதித்தீர்களே என்ற நிம்மதியில் வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

டிபி என்று முடிவு வந்தது. லேப் அதை அரசாங்கத்துக்குத் தெரிவித்தது. தெரிவிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் ஒருவரைக்கூடத் தெரிவித்ததில்லை, அதனால் நினைவில் இல்லை. நாலாம் நாள் சுகாதார ஊழியர் ஒருவர் என் வாசலில் நின்று, “ஸ்டெல்லா அந்த்ரே யாரு? மனேல்லி யார் யார் இத்தீரா?” என்று, ஸ்டெல்லா என்பது யார், வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கன்னடத்தில் தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தார். வீட்டில் இருக்கிற எல்லோரையும் பரிசோதிக்க வேண்டுமாம். என் கணவருக்கும் மாமியாருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். மாமியார் என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தார். கணவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

என்னை எடை பார்த்து, அந்த எடைக்குத் தகுந்தபடி கொடுத்த அரசாங்க மாத்திரையை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தேன். அளவு உங்களுக்கும் சரியாக இருந்தது. ஆறடி மனிதர், என் எடைக்கு வந்திருந்தீர்கள். அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

மருந்து தாமதமாகிவிட்டது. யுகாதிக்கு முன்பே போய்விட்டீர்கள். அம்மாவிடம் நிமோனியா என்று சொல்லச் சொன்னீர்கள், அப்படியே சொன்னேன். அதற்குப் பிறகாவது அந்த ஊழியரிடம் நான் வாய் திறந்திருக்க வேண்டும். உங்கள் மானம் என்று நினைத்துக்கொண்டு, மாதாமாதம் வந்த மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்தேன். என் வீட்டில் யாருக்கும் நோய் இல்லை, எப்படி இருக்கும்? பார்க்க வேண்டிய வீடு உங்கள் வீடு. மாதக்கணக்கில் உங்கள் இருமலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் அம்மாவைப் பார்க்கப் போனபோது இருமிக்கொண்டிருந்தார்கள். “தூசிதான்மா, சாமான் ஒழிச்சேனில்ல” என்றார்கள். அப்படியே ஆட்டோவில் ஏற்றி அரசாங்க டிபி சென்டருக்கு அழைத்துப் போனேன். கவுண்டரில் டப்பாவும் படிவமும் கொடுத்தார்கள். நான் பேனாவை எடுத்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்கள்.

“உன் பேரையே போட்டுடேன் ஸ்டெல்லா. அவருக்குப் போட்ட மாதிரி.”

அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நீங்கள் அவர்களிடம் மறைத்தீர்கள், அவர்கள் உங்களிடம் மறைத்தார்கள், நான் எல்லோரிடமும் மறைத்தேன்.

“முடியாதும்மா” என்றேன். அவர்களுடைய பெயரை எழுதினேன். உங்கள் வீட்டு முகவரியை எழுதினேன். வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கவுண்டரில் கேட்டார்கள். இவங்க வீட்டுக்காரருக்கு டிபி இருந்தது, அதிலேதான் போய்விட்டார் என்று உங்கள் பெயரைச் சொன்னேன். போன முறை எழுதியது பொய் என்பதையும் சொன்னேன். வரிசையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மாவுக்கும் இருக்கிறது. ஆரம்பம்தான், குணமாகிவிடும் என்கிறார்கள். அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பரவாயில்லை. தினமும் காலை எட்டு மணிக்குப் போய் நிற்கிறேன். மாத்திரையை விழுங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வருகிறேன். இதை உங்களுக்குச் செய்திருக்க வேண்டும் டாக்டர், போன தசராவிலேயே, உங்கள் பெயரிலேயே.