கதிரைக்கும் மேசைக்கும் நடுவில்

என் அன்பான பவானி மச்சாளுக்கு,

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நீங்கள் கடிதத்தைக் கீழிருந்து மேலாக வாசிக்கத் தொடங்கிவிடுவீர்கள். அண்ணா உயிரோடு இருக்கிறார். முகாமிலிருந்து எங்களை வெளியே விட்டு ஒரு மாதமாகிறது. இப்போது வவுனியாவில் சின்னம்மா வீட்டின் பின்னறையில் இருக்கிறோம். அண்ணா காலையில் தேத்தண்ணி குடிக்கிறார், மத்தியானம் இரண்டு வாய் சாப்பிடுகிறார், உங்கள் பேச்சை எடுத்தால் எழும்பி வெளியே போய்விடுகிறார்.

நீங்கள் மூச்சுக்கு இழுக்கும் நீலப் பம், மருந்து முடிந்து வெறுமையாகிப் போனது, இன்னும் அவருடைய சட்டைப் பைக்குள் இருக்கிறது. சட்டையைத் தோய்க்கும்போது எடுத்துவைத்துவிட்டு, காய்ந்ததும் மறுபடி உள்ளே வைத்துவிடுகிறேன். அதைப்பற்றி நாங்கள் இரண்டு பேரும் கதைப்பதில்லை.

நான் எழுத வந்தது வேறு விஷயம். நான் உங்களுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறேன், மச்சாள். நான்கு வருடமாக அதை வாய்க்குள் வைத்திருந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எத்தனையோ நாட்கள் இருந்தன. ஒன்றையும் நான் பிடிக்கவில்லை.

சண்டை நின்று பாதை திறந்து, கிளிநொச்சிக்கு இன்ரநெற்றும் வந்திருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். கடைத்தெருவுக்குப் பின்னால் இரண்டு கணினிகளோடு இருந்த நிலையத்தில் நான் தட்டச்சுப் பழக்கிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு மின்னஞ்சல் எழுதத் தெரியாமல் வருகிறவர்களுக்கு எழுதியும் கொடுப்பேன். அப்படி ஒருவருக்கு எழுதப்போய்த்தான் சுகந்தியின் பழக்கம் வந்தது. நோர்வேயின் வடக்கில் ஒரு கடலோரச் சிற்றூரில், கிழமை நாட்களில் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டுகிறவர். சனிக்கிழமைகளில் அந்த ஊரின் பதினொரு தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆசிரியை.

அவர் எழுதிய கடிதத்தை அச்செடுத்து, பஸ்ஸில் தர்மபுரத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, ரீச்சரான உங்களிடம் தந்தேன். "அக்கா, நான் ரீச்சர் இல்லை. இஞ்ச வேற ஆளில்லையெண்டு என்னைப் பிடிச்சு விட்டிட்டினம். புத்தகம் இருக்கு, எப்பிடிச் சொல்லிக்குடுக்கிறதெண்டுதான் தெரியேல்லை. பிள்ளையள் என்ர வாயைப் பாத்துக்கொண்டு இருக்குதுகள். அங்க ஆராவது ரீச்சர்மார் ரெண்டு பாடம் பதிஞ்சு அனுப்புவினமோ?"

நீங்கள் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தீர்கள். கையைச் சேலையில் துடைத்துவிட்டு இரண்டு தரம் வாசித்தீர்கள். படிப்பிக்கத் தெரியாத ரீச்சர் என்று நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். உங்கள் வாய் அப்படிப்பட்டது.

"பாவம்" என்றீர்கள். "பிள்ளையளுக்கு முன்னால நிண்டு முழிக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமே? நான் முதல் வருசம் முழுக்க முழிச்சனான். இருக்கிற கதிரை, எழுதிற மேசையில தொடங்குவம். வீட்டுச் சாமானெண்டா அவாவும் கையால தொட்டுக் காட்டலாம்."

பிறகு சனிக்கிழமைதோறும் அண்ணா உங்களை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்குவார். யன்னலுக்குப் போர்வை கட்டி, கதவைச் சாத்தி, ஒலிவாங்கியை உங்கள் முன்னால் வைப்பேன். ஜெனரேற்றர் ஓடினால் அதன் சத்தமும் பதியும். நிறுத்தினால் பற்றரியில் கணினி அரை மணித்தியாலம்தான் நிற்கும். அந்த அரை மணித்தியாலத்தில் பாதியை நீங்கள் பேசாமலே இருந்து செலவழித்தீர்கள்.

"கதிரை" என்பீர்கள். விரலால் மேசையில் மெதுவாக மூன்று தட்டு. பிறகு, யாரோ திருப்பிச் சொல்லிவிட்டதுபோல், "சரி" என்பீர்கள். "மேசை." மூன்று தட்டு. "சரி."

"ஆருக்கு மச்சாள் சரி சொல்லுறியள்? இஞ்ச ஒரு குஞ்சும் இல்லை" என்று நான் சிரித்தேன்.

"அங்க சொல்லியிருக்குங்கள்தானே."

"பிழையாச் சொல்லியிருந்தா?"

"முதல் பாடத்தில பிழை பிடிக்கக் கூடாது" என்றீர்கள், பெரிய நீதவான் மாதிரி.

முதல் பாடம் முழுதாகவே போனது. நோர்வேயிலிருந்து ஊருக்கு வந்துபோன ஒருவரின் பெட்டிக்குள் சீடியாக. அதைக் கேட்டுவிட்டு சுகந்தியும் கணினி தெரிந்த ஒருவரும் சேர்ந்து ஓர் இணையப் பக்கம் திறந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் இரண்டு பேருமே எதிர்பார்க்கவில்லை. ஜெர்மனியில் ஒரு ரீச்சர் உங்கள் சொற்களுக்குப் படம் கீறிப் போட்டார். கனடாவில் ஒருவர் பயிற்சித்தாள் செய்து சேர்த்தார். யார் செய்த பாடம் என்று பேர் போடட்டுமா என்று கேட்டார்கள். "பேர் என்னத்துக்கு? தேவையான ஆக்கள் எடுக்கட்டும், தங்களுக்கு ஏத்தமாதிரி மாத்தட்டும்" என்றீர்கள். உங்களை ஏற்றிவர வந்த அண்ணாவிடம் மட்டும், கனடாவிலிருந்து வந்த தாளை இரண்டு தரம் காட்டினீர்கள்.

இனித்தான் என் பங்கு. இணையப் பக்கத்தில் ஏற்றுவதற்காக, நாங்கள் பதிந்த இருபத்தாறு பாடங்களையும் நான் வெட்டினேன். முதல் பாடத்தையும் விடவில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இருந்த இடம், விரல் தட்டு, "சரி", எல்லாவற்றையும் எடுத்தேன். கதிரை, மேசை, யன்னல், அலுமாரி என்று ஒரே ஓட்டமாக வரும்படி ஒட்டினேன். உங்களிடம் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து சுகந்தி எழுதினார்: "பவானி ரீச்சர் கெதியாப் போறா. பிள்ளையள் வாய் திறக்க முந்தி அவா மற்றச் சொல்லுக்குப் போயிடுறா." நீங்கள் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"சாந்தி, நான் விட்ட இடம் எங்க?"

"இன்ரநெற் லைன் காணாது மச்சாள். பெரிய கோப்பெண்டா பாதியில அறுந்துபோகுது. அதுதான் சுருக்கினனான்."

"அப்ப என்ன செய்யிறது. லைன் நல்லா வரேக்க திருப்பிப் பதிஞ்சு போடுவம்." அவ்வளவுதான். பிறகு ஒருநாளும் நீங்கள் அதைக் கேட்கவில்லை.

லைன் அறுந்தது உண்மை. ஆனால் பெரிய கோப்பும் காலையில் போட்டுவிட்டால் பின்னேரத்துக்குள் எப்படியோ போய்விடும். நான் வெட்டியது உங்கள் மூச்சை, மச்சாள். அந்த மூன்று தட்டுக்கு நடுவில் உங்கள் தொய்வு, அந்த மூச்சிழுப்பு, பதிந்திருந்தது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி உறுமுவதுபோல் ஒரு சத்தம். அதை அங்கே இருக்கிறவர்கள் கேட்டு, "ஐயோ பாவம், ரீச்சருக்கு வருத்தம்" என்று சொல்லிவிடுவார்கள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. எங்களைக் கண்ட எல்லோரும் பாவம் பாவம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். ஒரு இடத்திலாவது நாங்கள் குறையில்லாமல், கொடுக்கிற கையாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காக உங்களைக் கேட்காமலே உங்களைத் திருத்தினேன். ஒரு வாய்ச்சொல் கேட்டிருந்தால் நீங்கள் எனக்கு என்ன சொல்லியிருப்பீர்கள்?

பிறகு சண்டை திரும்பத் தொடங்கிப் பாதையைப் பூட்டினார்கள். எண்ணெய்க்குத் தட்டுப்பாடு, பற்றரிக்குத் தட்டுப்பாடு, உங்கள் பம்முக்கும் தட்டுப்பாடு. அடுத்த மாதம் பதிவோம், அடுத்த மாதம் பதிவோம் என்று இருந்தோம். கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது கணினியை உரப்பையில் சுற்றி, கிடங்கு வெட்டி உள்ளே வைத்து மண் மூடினேன். வெட்டாத பாடங்கள் அதற்குள்தான் இருந்தன.

தர்மபுரத்தையும் விட்ட பிறகு எத்தனை இடத்தில் இருந்தோம் என்று நான் எண்ணவில்லை. புழுதி, புகை, ஈரமான பதுங்குகுழி. தொய்வுக்காரருக்கு ஆகாதது எல்லாம் அங்கே இருந்தது. அன்று காலை நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். அண்ணா வெறும் பம்மை அமத்தி அமத்திப் பார்த்தார். நீங்கள் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினீர்கள். நான் பொறுத்துப் பார்த்தேன். பிறகு சொல்லும் வரவில்லை, மூச்சும் வரவில்லை. மத்தியானத்துக்கு முன்னர் ஒரு பாலை மரத்தடியில் உங்களை வைத்துவிட்டு நடந்தோம். திரும்பிப் பார்க்க அண்ணா என்னை விடவில்லை.

போன கிழமை வவுனியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள இன்ரநெற் கடைக்குப் போனேன். அந்த இணையப் பக்கம் அப்படியே இருக்கிறது. யார் யாரோ புதுப் பாடங்கள் சேர்த்திருக்கிறார்கள். உங்களுடையதைத் திறந்தேன். கதிரை, மேசை, யன்னல், அலுமாரி. உங்கள் குரல்தான். ஆனால் ஒரு மூச்சு இல்லை. நான் நன்றாகத்தான் வெட்டியிருக்கிறேன். இருபத்தாறு பாடத்தையும் கேட்டேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. மரத்தடியில் வராத அழுகை அந்தக் கடையில் வந்தது.

சுகந்திக்குச் செய்தியை எழுதினேன். நான் செய்ததையும் மறைக்காமல் எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது, கூடவே ஒரு கோப்பும். அந்த முதல் சீடி.

"அக்கா, நாங்கள் இப்பவும் வகுப்பில இதைத்தான் முதல் போடுறனாங்கள். மற்றதுகளுக்குப் பிள்ளையள் வாய் திறக்கிறேல்லை. இதிலதான் ரீச்சர் காத்துக்கொண்டு நிக்கிறா. அவா மூச்செடுக்கிறது கேக்கும். அது கேட்டா தங்கட முறையெண்டு பிள்ளையளுக்குத் தெரியும். ரீச்சருக்கு வருத்தமெண்டு ஒருத்தரும் நினைக்கேல்லை அக்கா. பக்கத்தில இருக்கிறா எண்டுதான் நினைச்சனாங்கள்."

இதை எத்தனை தரம் வாசித்தேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மற்ற இருபத்தைந்து பாடங்களையும் நான் திரும்பத் திறக்கப்போகிறேன். ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் மூன்று தட்டு நேரத்துக்கு இடம் விடுவேன். மூச்சை வைக்க என்னால் முடியாது. முதல் பாடத்திலிருக்கும் "சரி"யைப் பிரதி எடுத்து எல்லாவற்றுக்கும் ஒட்டலாம், அது எனக்கு அரை நாள் வேலை. ஆனால் மறுபடியும் உங்களைக் கேட்காமல் உங்கள் வாயில் சொல் வைக்க எனக்குப் பயம். அதனால் இடத்தை வெறுமையாக விட்டு, "சரி"யை அங்கங்கே உள்ள ரீச்சர்மாரே சொல்லட்டும் என்று எழுதினேன். "நான் ரீச்சர் இல்லையே அக்கா" என்று சுகந்தி பழையபடி தொடங்கினார். ஐந்து வருடம் சனிக்கிழமை தவறாமல் வகுப்பு எடுத்த மனுசி! உங்களிடம் விட்டிருந்தால் நல்ல பேச்சு வாங்கியிருப்பார்.

முதல் பாடத்தை மட்டும் நான் தொடமாட்டேன். உங்கள் மூச்சோடு, தட்டோடு, அது அப்படியே இணையப் பக்கத்தில் ஏறும். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. அண்ணாவுக்கு அதைப் போட்டுக்காட்டும் தைரியம் இன்னும் வரவில்லை. அவருக்கும் ஒருநாள் போட்டுக்காட்டுவேன்.

நேற்று அந்தக் கடையில், ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அந்தப் பாடத்தை முதல் தரம் முழுதாகக் கேட்டேன். "கதிரை" என்றீர்கள். விரல் தட்டியது. மூச்சு வந்தது. என் முறை என்று எனக்கும் தெரிந்தது. "கதிரை" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"சரி" என்றீர்கள்.

கதிரைக்கு மட்டும்தான் சொன்னீர்களா, மச்சாள்?

உங்கள் மூச்சை இனி ஒருநாளும் மறைக்காத,
உங்கள் மச்சாள்,
சாந்தி