இருப்பில் உள்ள ஒரு நுண்ணோக்கி

அனுப்புநர்:
வ. ரெங்கராஜ்,
அலுவலகக் கண்காணிப்பாளர், தாவரவியல் துறை,
கொள்ளிடக்கரை உயராய்வுப் பல்கலைக்கழகம்,
திருச்சிராப்பள்ளி.
(இல்லம்: மேல அடையவளஞ்சான் தெரு, ஸ்ரீரங்கம்)

பெறுநர்:
உறுப்பினர் செயலர் அவர்கள்,
மாநில ஆராய்ச்சி நிதி வழங்கு வாரியம்,
சென்னை.

பொருள்: வெளிநாட்டு அரசுத் தொடர்பு குறித்த உறுதிமொழிப் படிவத்தில் நான் செய்த பிழை – அதனால் நிறுத்தப்பட்ட ஆய்வு மாணவி செல்வி பி. யமுனாவின் உதவித்தொகையை மீண்டும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வெளிநாட்டு அரசுகளோடு தொடர்பு வைத்துள்ள துறைகளுக்கு அரசு நிதி இல்லை என்ற தங்கள் வாரியத்தின் புதிய விதியை எதிர்த்து நான் எழுதவில்லை. வேற்று நாட்டு அரசு நம் ஆய்வகத்துக்குள் வந்து எதை ஆராயலாம், எதை ஆராயக்கூடாது என்று சொல்வது எனக்கும் பிடிக்காது. விதி சரிதான். அதற்கான படிவத்தை வாங்கிப் பூர்த்தி செய்தவன்தான் சரியில்லை.

2. சென்ற ஜூன் மாதம் வந்த படிவத்தில், ‘வெளிநாட்டு அரசின் உதவி ஏதும் நடப்பில் உள்ளதா?’ என்ற கேள்விக்கு ‘உள்ளது’ என்று எழுதினேன். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாட்டின் தூதரகம் எங்கள் துறைக்கு ஒரு நுண்ணோக்கியை அன்பளிப்பாகத் தந்தது. லென்சில் பூஞ்சை படர்ந்து, எட்டு ஆண்டுகளாக அது பீரோவுக்குள் கிடக்கிறது. ஆனால் இருப்புப் பதிவேட்டிலிருந்து முறைப்படி கழிவு செய்யப்படவில்லை. கழிவு செய்யாத பொருள் இருப்பில் உள்ள பொருள். இருப்பில் உள்ளது நடப்பில் உள்ளது. முப்பத்தொரு ஆண்டு அலுவலக வேலை எனக்குத் தந்த புத்தி அவ்வளவுதான். துறைத்தலைவர் என்னை நம்பிக் கையெழுத்திட்டார். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்.

3. ஆகஸ்டில் துறைக்கான நிதி முழுவதும் நின்றது. திருத்திய படிவத்தை இரண்டு முறை அனுப்பினோம். ஒருமுறை தந்த உறுதிமொழியை மாற்ற இயலாது என்று இரண்டும் திரும்பி வந்துவிட்டன.

4. எனக்குச் சம்பளம் நிற்கவில்லை. நின்றது யமுனாவின் உதவித்தொகை. அவர் உப்பிலியபுரத்து விவசாயி திரு. பிச்சமுத்துவின் மகள். தேமல் நோயால் தந்தையின் மரவள்ளி இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வீணானதைப் பார்த்துவிட்டு இந்த ஆய்வுக்கு வந்தவர். நோய் தாங்கும் முந்நூறு செடிகளை எங்கள் வலைக்கூடாரத்தில் வளர்த்திருக்கிறார். இன்னும் இரண்டு மாதத்தில் கிழங்கு பறித்துப் பார்த்தால் நான்கு ஆண்டு உழைப்புக்கு விடை கிடைத்துவிடும்.

5. இப்போது அவர் புத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறார். தோட்டக்காரரையும் நிறுத்திவிட்டதால், தினமும் வேலைக்குப் போகுமுன் வந்து, வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றிவிட்டு ஓடுகிறார். நடந்ததை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லைங்க சார், உள்ளதைத்தானே எழுதுனீங்க” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் செய்த நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன்.

6. எனவே, தவறான தகவல் தந்ததற்காக என் மீது துறை நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஓய்வு பெற ஏழு மாதங்களே உள்ளன. எந்தத் தண்டனையானாலும் ஏற்பேன். மாணவியின் உதவித்தொகையை மட்டும் தை மாதம் வரையாவது தாருங்கள். யாரையாவது அனுப்பி அந்த நுண்ணோக்கியையும் பார்க்கச் செய்யுங்கள்.

7. நிதி இல்லாத காரணத்தால் வலைக்கூடாரத்தை 28.11.2025 அன்று வேறு துறைக்கு ஒப்படைக்க வேண்டும். அதற்குமுன் உள்ளே இருக்கும் செடிகளைப் பிடுங்கி அப்புறப்படுத்தும் ஆணையில் கண்காணிப்பாளர் என்ற முறையில் நான்தான் கையெழுத்திட வேண்டும். திங்கட்கிழமை முதல் அந்தத் தாள் என் மேசையில் கிடக்கிறது. என்னால் முடியவில்லை, ஐயா. தங்கள் பதில் வரும்வரை கையெழுத்திட மாட்டேன்.

இடம்: திருச்சிராப்பள்ளி
நாள்: 19.11.2025

தங்கள் இரக்கத்தை எதிர்பார்த்து,
வ. ரெங்கராஜ்