சரோஜா சொன்ன ‘சரிங்க’

நவ. 9, ஞாயிறு. பதுளை

காலையிலிருந்து மழை. துவைத்த சேலை இரண்டும் இன்னும் ஈரம்.

என்னைப் போன்ற எம்.பி.க்களின் பின்னணிக் குறிப்பு வேண்டுமாம், பாராளுமன்றத்தில் கேட்டிருக்கிறார்கள். முன்னாள் தொழில்: முன்பள்ளி ஆசிரியை என்று செயலாளர் ரஞ்சனி அடித்து வைத்திருந்தாள். கெட்டிக்காரிதான், ஆனால் டவுன் பிள்ளை. அதற்கு முந்தி லுணுகலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தேனே என்றேன்.

“அதையும் போடணுமா மேடம்?”

போடு. முதல் வரியிலேயே போடு.

முன்னுரிமைகள்: 1. தேயிலை மலையில் வேலை செய்யும் பெண்களுக்குக் கழிப்பறை. 2. லயத்து வரிசை வீடுகளில் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி. 3. வீடு கட்டச் சொந்தக் காணி.

கட்சியில் காணியை மேலே ஏற்றச் சொல்கிறார்கள். அது வரும்வரை பொம்பளைகள் அடக்கிக்கொண்டு நிற்பதா? மாற்ற மாட்டேன்.

நவ. 10, திங்கள்

லுணுகலை. சரோஜா வீடு. ஒரே லயத்தில் வளர்ந்தோம், மலையிலும் பக்கத்துப் பக்கத்து நிரையில்தான் கொழுந்து பறித்தோம். போன மழைக்காலம் வேலை நடுவில் ஒதுங்கப் போன இடத்தில் பாறை வழுக்கி, இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இப்போது கம்பு ஊன்றித்தான் நடை. வெள்ளிக்கிழமை பாராளுமன்றத்தில் பேசும்போது இதைச் சொல்லட்டுமா என்று கேட்கப் போனேன்.

வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மேலே புதுத் துவாய். எனக்காம்! அவள் கம்போடு நிற்கிறாள்.

“நீ உக்காருடி.”

“பரவாயில்லீங்க. நீங்க உக்காருங்க.”

அடிப்பாவி. என் தலையில் பேன் பார்த்தவள். “ஏ புள்ள, கழுத” என்று கூப்பிட்ட வாய்.

விஷயத்தைச் சொன்னேன்.

“சரிங்க.”

“பேரைச் சொல்லியே பேசவா?”

“சரிங்க. சொல்லுங்க.”

பிளேன்டீ குடித்தேன். கிளம்பிவிட்டேன்.

நவ. 12, புதன். கொழும்பு

சோறு, பருப்பு, அப்பளம். தனியாக. டீவியைப் போட்டு வைத்தேன், வீட்டில் ஒரு சத்தமாவது இருக்கட்டும் என்று.

அந்தச் ‘சரிங்க’ விட மாட்டேன் என்கிறது. முந்தைய சரோஜா என்றால் “வேணாம்டி, மானம் போயிரும்” என்று கத்தியிருப்பாள். துரைக்கும் கங்காணிக்கும் நாங்கள் எல்லாரும் சொன்னதும் ‘சரிங்க’தான். மனசுக்குள் என்ன இருந்தாலும் அதேதான். எம்.பி. வந்து கேட்டால் முடியாது என்று எப்படிச் சொல்வாள்?

பேச்சில் அவளைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தை எடுத்துவிட்டேன். சரியா தப்பா என்று கேட்க இங்கே ஒருத்தர் இல்லை. அழுகையாக வருகிறது, சனியன்.

நவ. 14, வெள்ளி

பேசியாயிற்று. “பல பெண்கள் சிரமப்படுகிறார்கள்” என்ற மட்டில். நம் பக்கம் மேசையைத் தட்டினார்கள். கன்டீனில் மீன் நன்றாக இல்லை. வாழ்த்துச் செய்தி நிறைய. சரோஜாவிடமிருந்து ஒன்றும் இல்லை.

நவ. 15, சனி

இன்று சரோஜாவே போன் எடுத்துப் பேசினாள்.

“நேத்து லயமே டீவி முன்னால உக்காந்திருந்துச்சுங்க. என் பேரு வரும்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன்.”

உனக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன் என்றேன்.

“எனக்கென்னங்க வெக்கம்? நான்தான் சரின்னு சொன்னேனே. உங்களுக்கு வெக்கமாப் போச்சுங்களா?”

வைத்துவிட்டாள். திரும்பத் திரும்ப அடிக்கிறேன். எடுக்கவில்லை.