பேய்க்குக் கால் கொடுத்தவளுக்கு

நேற்று டீக்கடையில் ஐஸ் வண்டி டிரைவர் ஒருவன் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பெருசு, இதப் பாரு. நம்ம மரக்காணம் உப்பளத்துல நெசப் பேய வீடியோ புடிச்சிருக்காங்க" என்றான். மஞ்சள் புடவை கட்டின ஒருத்தி தலைமயிரை விரித்துப் போட்டுச் சேற்றில் ஆடிக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. இடது கால் சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களை விட்டு விலகி நின்றது. எனக்கு அது போதும். நீ கண்ணை மூடி நாலு வருஷம் கழித்து உன்னைப் பார்த்தேன். கடையில் எல்லோரும் உன்னைப் பேய் என்று சொல்லிச் சிரித்தார்கள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அது மனதை அறுக்கிறது. அதனால் இந்தக் கடிதம். நான் சொல்லச் சொல்ல நம் மகள் எழுதுகிறாள்.

எத்தனையோ வருஷத்துக்கு முந்தின தை மாதம், உப்புப் பாத்தி மிதிக்கிற நாள் அது. சினிமாக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். மண்டையோடு என்று அவர்கள் கொண்டுவந்தது வெள்ளையடித்த கொட்டாங்கச்சி. பூசாரி வேஷக்காரருக்கு வியர்வையில் மீசை கழன்று தொங்கியது. ஒரு கையால் அதை அழுத்திக்கொண்டு, மறு கையில் வேப்பிலையை வைத்துப் பேய் ஓட்டினார். பேய் பிடித்தவளாக நடிக்க வந்த பெண் உப்புத் தண்ணீரில் கால் வைத்ததும், எரிகிறது என்று வரப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். காலுக்கு மட்டும் ஒரு ஆள் வேண்டுமென்று உன்னைக் கூப்பிட்டு, அவளைப் போலவே மஞ்சள் புடவை கட்டி, முகம் மறையத் தலைமயிரை விரித்துவிட்டார்கள்.

"பேய் மாதிரி ஆடும்மா" என்றார் டைரக்டர்.

"பேய் எப்படி ஆடும்னு எனக்கு என்னா தெரியும்? நீங்க பாத்திருக்கீங்களா?" என்றாய்.

அப்புறம் உனக்குத் தெரிந்ததைச் செய்தாய். குதிகாலை ஊன்றி, விரலால் சேற்றை இழுத்து அமுக்கி, அடியடியாக நகர்ந்தாய். பாத்தித் தரை இறுக நாம் தினமும் மிதிக்கிற அதே மிதி. டைரக்டர் எழுந்து நின்று, "ஐயோ, பயமா இருக்கு! அப்படியே ஆடு!" என்று கத்தினார். பூசாரி வேஷக்காரர் வேப்பிலையால் உன் காலில் அடித்தார்.

படம் கொட்டகைக்கு வந்தபோது, கண்ணில் சிவப்பு பல்பு எரியப் பேய் வந்து நின்றதும் நம் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன் கால் வந்ததும் விசில். நீ என் காதில், "மூஞ்சி அவளுது, காலு என்னுது. நடுவுல இருக்கிற ஒடம்பு யாருதுய்யா?" என்று கேட்டாய்.

வைகாசியில் அந்தச் சிரிப்பு நின்றது. நீ ஆடின பாத்தியில் உப்பு கசந்தது. "பேயாடின பாத்தி. அது இவ மேலயே ஏறி உக்காந்திருக்குது. ஓட்டிட்டு வந்தாத்தான் இவளுக்கு இங்க வேலை" என்றார் மேஸ்திரி. கொட்டகையில் விசிலடித்தவர்களே உன் பக்கத்தில் நிற்க மாட்டோம் என்றார்கள். நான் உப்பு வாரும் பலகையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னதையும் எழுதச் சொல்கிறேன். "ஒரு தடவ போய்ட்டு வந்துடலாம். வேப்பிலையால நாலு அடி அடிப்பான். ஊர் வாய் அடங்கிடும்." மகள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதும்மா என்கிறேன்.

நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சினிமாவுல அடிச்சவரு, அடிச்சு முடிச்சதும் வலிச்சுதாம்மான்னு கேட்டாரு. நீ கேப்பியா?" என்றாய்.

மறுநாள் விடிந்ததும் நேராக அந்தப் பாத்தியின் மடையில் போய் நின்றாய். "பழைய தண்ணிய வடிக்காம அது மேலயே புதுத் தண்ணி வுட்டா உப்பு கசக்காம என்னா பண்ணும்? வடிக்கச் சொல்ல வேண்டியது யாரு, மேஸ்திரியா, பேயா?" என்றாய். அவர் விரட்டினார். நீ நகரவில்லை. ஒருத்தியாக மடையை வெட்டி வடித்தாய். ஒருத்தியாக மறுபடி மிதித்துப் புதுத் தண்ணீர் விட்டாய். யாரும் கை கொடுக்கவில்லை. நானும்தான். உப்பு விளைந்ததும் ஒரு கை அள்ளி அவர் முன்னால் நீட்டினாய். நாக்கில் வைத்துப் பார்த்தவர் அடுத்த பாத்திக்கு நடந்தார். அடுத்த நாள் நீ மற்றவர்களோடு வேலை வரிசையில் நின்றாய். பேயோட்டுகிற பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

இது மறுநாள் எழுதுவது. நேற்று கடிதத்தை இதோடு நிறுத்தச் சொல்லியிருந்தேன். இன்று காலை மறுபடி கடைக்குப் போனேன். டிரைவர் இருந்தான்.

"அது பேயில்லடா. என் பொண்டாட்டி."

"அப்ப பேயோடவா குடும்பம் நடத்தின?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து போகவில்லை. கடை முன்னாலிருந்த ஈர மண்ணில் இறங்கி, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பத்து அடி மிதித்துக் காட்டினேன். முட்டி விண்விண்ணென்று தெறித்தது. அவன் என் காலைப் பார்த்தான், போனைப் பார்த்தான்.

"தெரியாம சொல்லிட்டேன் தாத்தா."

"எங்கிட்ட சொல்லி என்னா ஆவுது? பாக்கிற எல்லாருக்கும் தெரியிற மாதிரி அந்த வீடியோவுக்குக் கீழயே எழுது."

"எழுதினாலும் சிரிக்கத்தான் போறானுங்க."

"சிரிக்கட்டும். நீ எழுது."

உன் பேரைக் கேட்டான். சொன்னேன். இது பேய் இல்லை, உப்பளத்தில் பாத்தி மிதித்தவள் என்று எழுதினான். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். இனி யார் போனில் இது வந்தாலும் நின்று சொல்லுவேன்.

"இன்னாரோட சம்சாரம்னு உன் பேரயும் போடவா தாத்தா?" என்று கேட்டான்.

வேண்டாம் என்றேன். அன்றைக்கு மடையில் நீ தனியாகத்தானே நின்றாய்.